உதறாத கிடா

பஸ் டிப்போ மெக்கானிக்கான எனக்கு நாற்பது வயதுக்கு மேல் புத்தரைப் பிடித்துப்போனது. தினமும் பல் விளக்கியதும் ஐந்து சீலங்களை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். உயிரைக் கொல்லேன், திருடேன், பொய் சொல்லேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினால் மனசு லேசாக இருக்கும்.

போன வருடம் மகளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே என் மனைவி எங்கள் குலசாமி கருப்பருக்குக் கிடா நேர்ந்துகொண்டாள். மகள் பிழைத்தாள். கறம்பக்குடிச் சந்தையில் குட்டி வாங்கி வளர்த்தோம். அது என் காலையே சுற்றிச் சுற்றி வரும். பூசை நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கம் கிடாவைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் அரிவாள் இறங்காது. அங்கேதான் என் புத்தி கோணல் வழியில் போனது. மனைவிக்குத் தெரியாமல் தினமும் கிடாவை வயல் போர்செட்டுக்கு ஓட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினேன். முதல் நாள் என் சட்டை நனைகிற அளவுக்கு உதறியது. இரண்டு வாரத்தில் சலித்துப்போய், ஸ்டார்ட் ஆகாத டவுன் பஸ் மாதிரி நின்றது.

கோயிலிலும் அப்படியே நின்றது. மூன்று சொம்பு ஊற்றினார்கள்.

"சாமிக்கு மனசில்ல போலருக்கே ஆத்தா" என்றார் பூசாரி, என் மனைவியிடம். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொண்டாட்டம் போய்விட்டது. மனைவி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.

"கருப்பரு வேணாம்னுட்டாரு. திரும்பக் காய்ச்சல் வந்தா என்னங்க பண்றது?"

ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் அது யாரை நோகடிக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது பௌத்தம். முன்னால் பார்த்தேன், கிடா தெரிந்தது. செய்யும்போதும் கிடாதான் தெரிந்தது. செய்து முடித்த பிறகுதான் இவள் தெரிந்தாள். சொன்னால் கிடா போய்விடும், சொல்லாவிட்டால் இவளுக்கு ஆயுசுக்கும் பயம். எது சரி என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நாலாம் நாள் காலையில் 'பொய் சொல்லேன்' என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நேரே அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முதலில் மகளைக் கூப்பிட்டு யூனிஃபார்ம் போடச் சொன்னாள். அப்புறம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"சாமிகிட்டயே ஃபிராடு பண்ணிருக்கீங்களே, நீங்கல்லாம் புத்தராக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை அவளே கிடாவைக் கோயிலுக்கு ஓட்டினாள். நான் பின்னால் போனேன். நடந்ததைக் கேட்ட பூசாரி, "அப்ப வெட்டிருவமா ஆத்தா?" என்றார்.

அவள் கிடாவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"வேணாங்க. கோயில் கெடாவா விட்டுர்றேன். உசுரோட இருந்தாலும் கருப்பருதுதானே."

திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லாமயே இருந்திருந்தா அது பொழைச்சிருக்கும். அது போனாலும் பரவால்லன்னுதானே எனக்காக வந்து சொன்னீங்க" என்றாள்.

இப்போது அது ஊரார் கடலைக்கொல்லையில் எல்லாம் புகுந்து மேய்கிறது. கோயில் கிடா என்று யாரும் அடிப்பதில்லை. 'திருடேன்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. மழை பெய்தால் மற்ற ஆடுகள் உடம்பை உதறும், அது மட்டும் உதறாது. மனைவி உடனே என் பக்கம் திரும்புவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.