வீடு காட்டும் ராவுத்தர்

கொடியில் காயும் கோவணத்தை ஜெகபர் அலி ராவுத்தர் கையால் தொடமாட்டார். குடையின் நுனியால் தூக்கி, முகத்துக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் நீட்டுவார். "இது யாருதுங்க? உங்களுதா? நல்லது. உள்ள கொண்டு போய்ப் பெட்டியில போட்டுப் பூட்டுங்க. வீடு வாங்க வர்றவன் முதல்ல இதைப் பாத்துட்டான்னா, அப்புறம் அவன் கண்ணுக்குத் தேக்கு உத்தரம் தெரியவே தெரியாது."

வீட்டுக்காரர் பெரியகடைத் தெருவில் தம்மைக் கண்டாலே குமாஸ்தாக்கள் எழுந்து நிற்கிற ஜவுளி வியாபாரியாக இருப்பார். இருந்தாலும் கோவணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். விற்கப்போகிற வீட்டுக்குள் ராவுத்தர் கால் வைத்துவிட்டால் அன்றைக்கு அங்கே அவர்தான் எஜமானர். மீன் பொரிக்கக் கூடாது, குழந்தையை அழ விடக் கூடாது, கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கும் மைத்துனர் எவராயிருந்தாலும் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வர வேண்டும்.

மலைக்கோட்டையின் அடியில் வீட்டுத் தரகர்களுக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் விற்கிறவனையும் வாங்குகிறவனையும் சேர்த்து வைத்துவிட்டு, ஓரமாக நின்று வெற்றிலை போடுவார்கள். ராவுத்தர் அப்படியல்ல. பெண் பார்க்க வரும் நாளில் பெண்ணைத் தயார் செய்வதுபோல வீட்டைத் தயார் செய்வார். அவருடைய கணக்கில் வீடுகள் மூன்று ஜாதி. சிரிக்கிற வீடு, உம்மென்று இருக்கிற வீடு, அழுமூஞ்சி வீடு. "அழுமூஞ்சியைச் சிரிக்க வெச்சாத்தாங்க நான் தரகன்" என்பார். "சிரிக்கிற வீட்டை விக்கிறதுக்கு நான் எதுக்கு? வீடே வித்துக்கும்."

ஆள் உயரம், ஒல்லி. தலையில் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி. மேலே ஒரு கறுப்புக் கோட்டு. தோளில் தொங்கும் காக்கிப் பையில் நீலப்பொடி, ஆணி, சுத்தியல், சாம்பிராணி, கிரீச்சிடும் கதவுக்கு ஊற்ற ஒரு சின்னச் சீசாவில் விளக்கெண்ணெய். இவை போதாதென்று, கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள் வேறு. சுவரில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே படம் ஏறும். வருகிறவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால் சக்கரவர்த்தி படம், வியாபாரி என்றால் கப்பல் படம், இன்னாரென்று தெரியாவிட்டால் மயில்.

ஒருமுறை ஆள் மாறிவிட்டது. தாசில்தார் வருவதாகச் சொல்லியிருந்த இடத்தில் கதர்ச் சட்டைக்காரர் வந்து நின்றார். வந்தவர் சுவரைப் பார்த்து முகம் சிவந்து, "முதல்ல அந்தப் படத்தை இறக்குங்க" என்றார். இறக்கினால் பின்னால் கை நுழைகிற அளவுக்கு விரிசல். ராவுத்தர் அசரவில்லை. "பாத்தீங்களா, சக்கரவர்த்தி பாரம் தாங்காம சுவரே பிளந்துக்கிச்சு" என்றார். கதர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே முன்பணமும் கொடுத்தார்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஆசாரக்காரர் வீடுகளுக்குள் அவர் நுழைவதில்லை. வீதியிலேயே நின்றுகொண்டு, குடையை மடக்கி ஆட்டி, "சாமி, அந்தத் தொட்டிலைக் கொஞ்சம் இடக்கைப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... அம்புட்டுதான்" என்று உத்தரவு போடுவார். உள்ளே திருவேங்கடாச்சாரி என்ற பெரியவர் வேர்க்க விறுவிறுக்கத் தொட்டிலை இழுத்துவிட்டு, வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாராம். "ஓய் ராவுத்தர், எங்காத்தை நானே வாங்கிண்டுடலாம் போலிருக்கே. பெருமாள் கிருபை, மனசு மாறறதுக்குள்ளே யாரையாவது அழைச்சிண்டு வாரும்" என்றாராம்.

குறைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் தனி. வெளிச்சம் வராத அறை "கோடைக்குன்னே கட்டினது." தலை இடிக்கிற நிலைப்படி "திமிர் பிடிச்ச விருந்தாளியும் குனிஞ்சு வருவான்." கிணற்றில் உப்புத் தண்ணீர் என்றால், "குளிச்சா சொறி சிரங்கு அண்டாதுங்க." பக்கத்தில் கொல்லன் பட்டறை இருந்தால் அந்த வீட்டுக்குத் திருடன் வரமாட்டான்.

ஊராரின் வீடுகளை இப்படிச் சிரிக்க வைத்தவரின் சொந்த ஜாகை, நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாடகை வீடு. அழுமூஞ்சி என்று சொன்னால் அழுமூஞ்சிக்குக் கோபம் வரும். கூடம் முழுக்க அவருடைய தளவாடங்கள். கால் ஒடிந்த சோபா, திரைச்சீலை மூட்டை, பாதரசம் போன நிலைக்கண்ணாடி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது மயில் படங்கள். அவர் மனைவி நசீரா தொழுகை விரிப்புப் போடுவதற்கு ஒரு மயிலை நகர்த்த வேண்டும். "ஊரு சனம் வீட்டுக்கெல்லாம் பவுடர் பூசுறீங்க. நம்ம ஓட்டுல ஒரு ஓடு மாத்தறதுக்கு மட்டும் உங்களுக்குக் கை வராது" என்பார் அந்த அம்மாள். ராவுத்தர், "நாம என்ன விக்கவா போறோம்?" என்பார். பேச்சு அத்தோடு முடியும்.

போன பங்குனியில் அந்தப் பேச்சு முடியாமல் போயிற்று. வீட்டுக்குச் சொந்தக்காரர் அடைக்கலம், பொன்மலை ரயில் பட்டறையில் மேஸ்திரி. பட்டறைப் பக்கமே வீடு கட்டப்போகிறாராம். வந்து, மயில்களுக்கு நடுவே இடம் தேடி உட்கார்ந்து, "ராவுத்தரே, இதை வித்துடலாம்னு இருக்கேன். உங்களை விட்டா எனக்கு யாரைத் தெரியும்? நீங்களே பாத்து முடிச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராவுத்தர் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அந்த வீட்டில்தான் அவர்களுடைய ஒரே மகள் நஜீமா பிறந்தாள். அந்த வாசலில் பந்தல் போட்டுத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நசீராவுக்கு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு வஹீதா. இரண்டு பேரும் குழம்புக் கிண்ணத்தைச் சந்தின் குறுக்கே கைமாற்றிக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவர்கள். அதை விட்டு எங்கே போவது?

"நல்லா வித்துக் கொடுத்தீங்கன்னா நாம தெருவுல. மோசமா காட்டினீங்கன்னா வீடு நமக்கு" என்றார் நசீரா.

"மோசமா காட்டினா என் பேரு என்ன ஆகுறது?"

"பேருல போய்க் குடியிருக்க முடியுமா மச்சான்?"

ராவுத்தர் சரி என்று தலையை ஆட்டினார்.

முதலில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியவர் மணப்பாறை மாட்டுத் தரகர் பிச்சைமுத்து. வயதானவர்; சந்தையில் துண்டுக்குள் கை போட்டு விலை பேசினால் அது மாறாது என்று பேர் எடுத்தவர். அவர் வரும் நாளில் விடிந்ததிலிருந்தே நசீரா வேலையைத் தொடங்கிவிட்டார். கூடத்தின் குறுக்கே கொடி கட்டி ஈரத்துணியைத் தொங்கவிட்டார். வஹீதாவின் ஆட்டை இரவல் வாங்கி முற்றத்தில் கட்டினார். அடுப்பில் கருவாடு போட்டார். ராவுத்தர் அவர் பின்னாலேயே போனார். கை சொல் கேட்கவில்லை. துணியை வரிசைப்படுத்தி, மடிப்பு நீவி, வெள்ளை ஒரு பக்கம் கலர் ஒரு பக்கமாகப் பிரித்துப் போட்டுவிட்டார். நசீரா திரும்பிப் பார்க்கும்போது ஆட்டுக்குக் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கருவாட்டு வாடைக்கு நடுவே எங்கிருந்தோ சாம்பிராணிப் புகை வந்தது.

"அந்தப் பையை இப்படிக் கொடுங்க" என்றார் நசீரா. வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடி, மேலே அம்மிக் குழவியை ஏற்றினார்.

பிச்சைமுத்து வந்தார். நசீரா திரைக்குப் பின்னால் போய்விட்டார். தான் குடியிருக்கும் வீடு இது என்பதை ராவுத்தர் சொல்லவில்லை. சொன்னால், காலி பண்ண மனமில்லாமல் குறை சொல்கிறான் என்று நினைத்துவிடுவாரே. பிச்சைமுத்து வீட்டைச் சுற்றி வந்தார். தூணைத் தடவினார். நிலைக்கதவின் மேல்பக்கத்தை, மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். ஆடு அவர் துண்டை மென்றது. அவர் அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ராவுத்தருக்கு வீட்டைப் பற்றி உண்மை சொல்லிப் பழக்கமில்லாததால் நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஐயா, ஓடு ஒழுகும்."

"ம்."

"மழை பேஞ்சா கூடத்துல மூணு சட்டி வைக்கணும். அந்தச் சுவர்ல விரிசல். உத்தரத்துல கரையான். மாடிப்படியில ஏறினவன் இறங்கறது சந்தேகம்."

ஒவ்வொரு குறையையும் இத்தனை காலம் மறைத்துப் பேசிய வாய்க்கு, இப்போது மடை திறந்துவிட்டாற்போல் ஆயிற்று. அடுத்த வீட்டுச் சேவல் நடுச்சாமத்தில் கூவும் என்பது வரை சொல்லித் தீர்த்தார்.

"கிணத்துத் தண்ணி எப்படிங்க?"

உப்பு என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தத் தண்ணீரில் நசீரா வைக்கும் தேநீரின் நினைப்பு குறுக்கே வந்து நின்றது. "கல்கண்டுங்க" என்றார். திரைக்குப் பின்னால் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"இங்க குடியிருக்கிறவன் எப்படி?"

"அவனா? சோம்பேறிப் பய. வீட்டை வெச்சிருக்கிற லட்சணத்தைப் பாக்குறீங்களே. ஒரு ஓடு மாத்த மாட்டான். லேசுல காலி பண்ணவும் மாட்டான். கோர்ட்டு வரைக்கும் போவான்." திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அது ஆமோதிப்பதுபோல் இருந்தது.

பிச்சைமுத்து முற்றத்தை ஒட்டிக் கிடந்த, கால் ஒடிந்த சோபாவின் நல்ல பக்கத்தில் உட்கார்ந்தார். "ராவுத்தரே, சந்தையில மாட்டுக்கு எந்த இடத்துல கெட்ட சுழி இருக்குன்னு விக்கிறவனே விரலை வெச்சுக் காட்டினா, நான் மறுபேச்சுப் பேசாம கயித்தைப் பிடிச்சிடுவேன். வீட்டு வியாபாரத்துல இப்படி ஒரு ஆளை இப்பத்தான் பாக்குறேன். வீடு எனக்கு. அடைக்கலத்துகிட்டச் சொல்லிடுங்க."

ராவுத்தர் தூணைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தொழிலில் இவ்வளவு சீக்கிரம் எந்த வீடும் விலை போனதில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் பிச்சைமுத்து. "எனக்கு மணப்பாறையை விட்டு வர முடியாது. பேரன் காலேஜுக்கு வர்ற வரைக்கும் யாரையாவது குடி வைக்கணும். அந்தச் சோம்பேறியை நான் பாத்துக்கறேன். முரட்டுக் காளையெல்லாம் மடக்கினவன். அவனுக்குப் பதிலா உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மனுஷனா ஒருத்தரைச் சொல்லுங்க. நீங்க சொன்னா எனக்குப் போதும்."

திரைக்குப் பின்னாலிருந்து கரண்டியால் தரையைத் தட்டும் சத்தம். இன்னொரு தட்டு, பலமாக.

ராவுத்தர் நிமிர்ந்தார். முகத்தில் பழைய களை வந்தது. "ஒருத்தர் இருக்காருங்க. தங்கமான மனுஷன். அஞ்சு வேளை தொழுகையாளி. சத்தமா தும்மக்கூட மாட்டார். சம்சாரம் அதுக்கு மேல. அந்த அம்மா அடுப்பு மூட்டினா இந்தச் சந்தே மணக்கும். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் மணப்பாறைக்கு ஆள் அனுப்பி உங்களைக் கேட்டுட்டுத்தான் அடிப்பார்."

"கூட்டிக்கிட்டு வாங்க, பாத்துடறேன். சாயங்கால ரயிலுக்குப் போகணும்."

"இதோ, ஒரு நிமிஷங்க" என்று ராவுத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வஹீதாவின் வீட்டைத் தாண்டி, சந்து முனை வரை போய், அங்கே நின்றார். வானத்தைப் பார்த்தார். திரும்பி, வேறொரு ஆளின் நடையில், சற்று மெதுவாக வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, "அய்யா, வாடகைக்கு விடுற வீடு இதுதானுங்களா?" என்றார்.

பிச்சைமுத்து அவரைப் பார்த்தார். பிறகு துண்டின் மறு நுனியை மென்றுகொண்டிருந்த ஆட்டைப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். திரை குலுங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தச் சோம்பேறிப் பய?"

"காலி பண்ணிட்டுப் போயிட்டானுங்க."

"எப்ப?"

"இப்பத்தான். இந்தச் சந்து வழியாத்தான் போனான்."

பிச்சைமுத்துவின் தோள் முதலில் ஆடியது. பிறகு சோபாவும் சேர்ந்து ஆடியது. கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடி, ஆட்டின் வாயிலிருந்து இழுத்து எடுத்தார். "சரி, உள்ள வாங்க. நீங்களும் வீட்டை ஒரு தடவை நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் குறை சொல்லக் கூடாது."

ராவுத்தர் வந்தார். முன்பின் பார்த்திராத இடத்துக்குள் நுழைகிறவர்போல நிலைப்படியில் சற்றுத் தயங்கினார். பிறகு, தாம் குறை சொன்ன விரிசல் சுவர் ஓரமாகப் போய், விரல் முட்டியை மடக்கி இரண்டு இடத்தில் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்டார்.