பூஜையில் இருந்த ரூட்டர்

என் கணவர் மோகன் சதுரங்கப்பட்டினத்துக்காரர். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தும் நீச்சல் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவே வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. செங்கல்பட்டில் ஒரே கல்லூரியில் கணினிப் பயன்பாடு படித்தோம். நான் முதல் வகுப்பு. அவர் தேறினார். பிறகு இருவருமாக ஒரு நெட்வொர்க் சர்வீஸ் கம்பெனி தொடங்கினோம். முதலாளிகள் இரண்டு பேர், தொழிலாளி ஒருவரும் இல்லை. ஏணி பிடிப்பது என் வேலை.

எங்கே பழுது என்று கூப்பிட்டாலும், உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பது இதுதான்: "கடைசியா இதுல யாரு கை வெச்சது?" நான் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருப்பேன். அவர் ஆட்களைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள் அவரைப் போலீஸ் என்றும் என்னை டைப்பிஸ்ட் என்றும் நினைத்ததுண்டு.

மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றின் வருடக் கான்ட்ராக்டில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது. ஒரு வருடம் அங்கே ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தார்கள். அலமாரியில் கிடந்த பழைய ரூட்டர் ஒன்றை மோகன் எடுத்து வந்தார். அந்த அலுவலகத்தில் அவர் முதன்முதலில் மாட்டியது அது.

"இதுவும் ஒழைச்சதுதான? பாவம், ஒரு பொட்டு வெப்போம்" என்று சாமி படத்தின் முன் வைத்து, சாமந்தி சுற்றினார். விளக்கு எரியாமல் அது சவம் போலக் கிடந்தது. "இன்னா வசந்தா, நல்லாவா கீது?" என்று என்னைக் கேட்டுவிட்டு மின்சாரமும் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளையும் சொருகினார். பச்சை விளக்குகள் மினுக்கத் தொடங்கின.

"சீரியல் செட்டே வேணாங்க" என்று கை தட்டியது வேறு யாருமில்லை, நான்தான்.

விடுமுறை முடிந்த காலை போன் வந்தது. யாருக்கும் சர்வர் கிடைக்கவில்லை. பில் போட முடியாமல் லாரி வாசலில் நின்றது. மேனேஜர் ஜானகிராமன் கோபத்தில் கத்துகிறவர் அல்ல, குரலைத் தாழ்த்துகிறவர். "சென்னையிலேருந்து வேற கம்பெனி ஆள் கிளம்பிட்டான். அவன் வர்றதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா இனிமே அவன்தான்" என்றார்.

ஓடிப் போய் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. பின்கட்டிடத்தில் இருந்த சர்வரை மட்டும் எட்டவில்லை. முதலில் வைரஸ் என்று அறிவித்தேன். பிறகு சர்வரை நிறுத்தி மறுபடி போட்டேன். சர்வருக்குப் போகும் பாதையை ஒவ்வொரு வாசலாகக் காட்டும் கட்டளையைக் கொடுத்தபோது, முதல் வாசலாக வந்த எண் வேலையில் இருந்த எங்கள் ரூட்டருடையதே அல்ல. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பார்த்துவிட்டு, எழுந்து போய் சர்வர் கேபிளை மாற்றினேன். முதல் வகுப்பு.

இதற்குள் மோகன் விசாரணையைத் தொடங்கியிருந்தார். கணக்குப் பிரிவு மார்கரெட், "மவுஸத் தவிர நான் எதையும் தொடல சார்" என்றார். வாசல் காவலர் ஏசுபாதத்தின் கம்ப்யூட்டர் மட்டும் வேலை செய்தது.

"அண்ணாத்த, ஒன்னுது மட்டும் எப்பிடி ஓடிகினு கீது?"

"லீவுல நான் அத்த நிறுத்தவே இல்ல சார். நிறுத்தத் தெரிஞ்சாதான?"

மோகன் முகம் மலர்ந்தது. "அப்ப இன்னிக்கு ஆன் பண்ணதுக்கெல்லாம் எவனோ தப்பா வழி சொல்லிகினு கீறான். லீவுக்கு முன்னால கடைசியா யாரு கை வெச்சது?"

"நீதான் சார்" என்றார் ஏசுபாதம். "அதோ, சாமி முன்னால மினுக்கிகினு கீதே, அத்த நீதான சொருவுன?"

கம்ப்யூட்டர் விழித்ததும் வெளியே போக வாசல் எது என்று கேட்கும். முதலில் பதில் சொல்பவரை நம்பிவிடும். மாலை போட்டுக்கொண்டிருந்த கிழ ரூட்டர் எல்லோருக்கும் முந்திக்கொண்டு 'நான்தான் வாசல்' என்று சொல்லியிருக்கிறது. சர்வருக்கு வழி அதற்கே தெரியாது. மறுபூஜை ஆகும்வரை பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்பதால், எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் சந்தேகமாகத் திரும்பவே இல்லை.

நான் அவர் காதருகே போய், "கேபிள் ஃபால்ட்டுன்னு சொல்லிடலாங்க" என்றேன்.

"பொய் இல்ல. நான் சொருவுன கேபிளு" என்று சிரித்தவர், நேராக மேனேஜரிடம் போய், "நான்தான் சார்" என்றார்.

ஜானகிராமன் எழுந்து வந்து மாலை போட்ட ரூட்டரைப் பார்த்தார். பிறகு, "மறுபூஜை ஆகாம அதை எப்படிய்யா பிடுங்குவ?" என்று கேட்டார். அவரே கற்பூரம் ஏற்றினார். மார்கரெட் மணி அடித்தார். மோகன் தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதே கையால் ஒயரை உருவினார். கம்ப்யூட்டர்களை அணைத்து மறுபடி போட்டதும் முதல் பில் வந்தது. ஜானகிராமன் சென்னைக்காரருக்குப் போன் போட்டுத் திரும்பிப் போகச் சொன்னார். "தப்பை யார் மேல போடலாம்னு தேடறதுக்கே அவனுக்கு ஒரு வாரம் ஆகும்" என்றார் எங்களிடம்.

மோகன் போன பங்குனியில் போய்விட்டார். மாரடைப்பு. கான்ட்ராக்ட் இப்போது என் ஒருத்தி பெயரில் இருக்கிறது, மார்ச் வரைக்கும்.

இந்த வருடப் பூஜைக்கும் கிழ ரூட்டரை எடுத்து வைத்தேன். யாரும் மின்சாரம் கொடுத்துவிடாதபடி அதன் அடாப்டர் என் கைப்பையில். என் சாமர்த்தியத்தில் நானே மயங்கி, ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரையும் தூசு துடைத்துப் பொட்டு வைத்தேன். விடுமுறை முடிந்த காலை போன் வந்தது. சர்வர் கிடைக்கவில்லை.

போனதும் கேட்டேன்: "கடைசியா இதுல யாரு கை வெச்சது?"

ஏசுபாதம் வேறெங்கோ பார்த்தார். "நீங்கதாம்மா. தொடச்சிகினு இருந்தீங்களே."

பின்கட்டிடத்துக்குப் போகும் கேபிள் பாதி வெளியே வந்திருந்தது. அழுத்தினேன். "இன்னாங்க, கேபிள் ஃபால்ட்டுன்னே..." என்று பக்கவாட்டில் திரும்பினேன். சுவரில் சாய்த்த ஏணி மட்டும் இருந்தது.

ஜானகிராமன் அறைக்குப் போய், "நான்தான் சார்" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "சென்னைக்கு நான் போன் போடல. உக்காருங்க, டீ வருது."