விட்டுப்போன லாபம்

கார்த்திகேசன் மணியாச்சி ஜங்ஷனில் சரக்கு வேகன்களின் நம்பரை எழுதி ஓய்வு பெற்றவர். பதினோரு இலக்க நம்பர்கள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு இலக்கம் தப்பியதில்லை. இப்போது எந்த எண்ணைக் கண்டாலும், எது அதை மீதியில்லாமல் வகுக்கும் என்று பார்த்தாக வேண்டும் அவருக்கு. டவுன் பஸ் டிக்கெட்டைக்கூட வகுக்காமல் கசக்கி எறிவதில்லை.

அவர் மனைவி பார்வதியம்மாள் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குச்சி அடைத்தவள். தினம் எத்தனை பெட்டி என்று நோட்டில் குறித்து வைத்திருந்தாள். அவள் வேலையை விட்ட வாரம் மூத்த மகளும் இளையவளும் போனில், "நீ உழைச்சதெல்லாம் நடுவுளவ சத்யபிரியாவுக்குத்தானம்மா" என்று கேலி செய்தார்கள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் அவளுக்குத் தைத்துவிட்டது.

நோட்டுகளை எல்லாம் கூட்டி முடித்து, "ஏங்க, மூணு பிள்ளைகளுக்கும் சமமாப் பிரியுதான்னு பாருங்க" என்று பெட்டிகளின் மொத்தத் தொகையை வாசித்தாள். "லாபம், ரெண்டு, ஏழு, ஒம்பது, ஆறு, ரெண்டு, சைபர், மூணு."

அவர் 27,96,203 என்று எழுதிக்கொண்டு மூன்றால் வகுத்தார். இரண்டு மீதி. அவள் முகம் வாடி உலை வைக்கப் போய்விட்டாள்.

அந்த முகம் அவருக்குப் பொறுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் நாலு பேரையும் சேர்த்தால் ஏழு பங்காகவாவது பிரியாதா? பிரியவில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து 1,672 வரை உள்ள இருநூற்று அறுபத்து மூன்று பகா எண்களாலும் வகுத்துவிட்டார். அதற்கு மேல் போக வேண்டியதில்லை. 1,673ஐ அதனாலேயே பெருக்கினால் தொகையைத் தாண்டிவிடும்.

"பார்வதி, இதுவே பகா எண்தான். ஒண்ணையும் அதையும் தவிர எதுவும் இதை வகுக்காது."

"விளக்கு வைக்குத நேரத்துல ஒண்ணுங்காதீங்க. லாபம்னு சொல்லுங்க." அவள் கடலைமிட்டாய்க் கடைக்காரர் மகள், எண்ணும்போது அவள் வாயில் ஒன்று என்ற சொல் வராது. நோட்டை எட்டிப் பார்த்தாள். "நான் சொன்ன லாபத்தை எங்கன வச்சீங்க? ரெண்டுல ஆரம்பிக்கு?"

அவர் பேனாவை வைத்துவிட்டார். அளக்கும்போது லாபம் என்றால் ஒன்று என்பது தெரியும். தொகை வாசிக்கும்போது, பிள்ளையார் சுழி போல முதலில் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"ஒரு கோடிப் பெட்டியை முழுங்கிட்டீகளே. நீங்க எழுதியிருக்கதைப் பார்த்தா ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி வருமா? அதை நான் காலைக் காப்பிக்கு முன்னாடியே அடைச்சிருவேன்."

அவர் எதையும் அடிக்கவில்லை. சிவப்பு மையால் முன்னால் ஒன்றைச் சேர்த்து, 'விடுபட்டது ஒரு கோடி, பிழை என்னுடையது' என்று ஓரத்தில் குறித்தார். 1,27,96,203. மூன்றால் வகுத்தார். ஆளுக்கு 42,65,401. மீதி இல்லை. மொத்தத்தை ஏழாலும் வகுத்தார், மறுபடி ஏழால் வகுத்தார், அதுவும் போயிற்று.

"ஏட்டி, பேரப்பிள்ளைகளுக்கும் பிரியுது."

அவள் நோட்டை வாங்கி, சிவப்பு ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதை போட்டோ எடுத்து மூணு பேருக்கும் ஒண்ணா அனுப்புங்க. ஒருத்திக்கு முந்திப் போயிட்டா அதுக்கும் பேச்சு வரும்."

ஒண்ணா என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.