அடுத்தடுத்த இரண்டு கார்டுகள்

அலுவலகம் சென்னையில். நான் சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தே வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் கார்டுகளுக்கு டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், எழுதுவது என் வேலை. ஒரே கார்டை நான்கைந்து கார்டுகள் போலக் கம்ப்யூட்டருக்குக் காட்டுவோம். இல்லாத அந்தக் கார்டுகளுக்கும் ஆளுக்கொரு முகவரி வேண்டும்; முகவரி என்பது ஒரு எண்தான், ஒருவருடையது இன்னொருவருக்கு வரக்கூடாது. எங்கள் டிரைவர் அசல் கார்டின் எண்ணோடு ஒன்று, இரண்டு என்று கூட்டிக் கொடுத்துவிடும்.

சோதனைக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் அனுப்பியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒன்றின் இணைப்பு அறுந்துபோகும். அது வந்தால் மற்றது போகும். குழுத் தலைவரிடம் போனில் சொன்னேன்.

"உங்க ஊர் லைன் அப்படித்தாம்மா இருக்கும். அது என்ன சத்தம், தறியா? தறி ஓடுற வீட்ல கரண்ட் ஏறி இறங்கும்ல?"

"அது கைத்தறி சார். அதுக்கு கரண்டே வேணாம்."

அவர் சிரித்தார். கேபிளை மாற்றச் சொன்னார். மாற்றினேன். இரண்டையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியையும் மாற்றினேன். வெளி இணைப்பையே பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அதேதான்.

கடைசியில் முகவரிகளைத் திரையில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார்டுகளும் ஒரே பெட்டியில் வந்தவை, அடுத்தடுத்த எண்கள். முதல் கார்டின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் இரண்டாவது கார்டின் சொந்த முகவரியே வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டுவதை எடுத்துவிட்டு, கார்டு கம்பெனி கொடுத்தது அல்ல என்ற குறியோடு ஒரு எண்ணைத் தானாகவே உருவாக்கி, அடுத்த முறையும் அதையே வைத்துக்கொள்ளும்படி மாற்றித் தலைவருக்கு அனுப்பினேன்.

"கஸ்டமர்கிட்ட இப்படி அடுத்தடுத்த கார்டு எங்கம்மா இருக்கப் போகுது? ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம்," என்றார். மொத்தமாக வாங்குகிறவர்கள் வேறு எப்படி வாங்குவார்களாம்? கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

என் மாற்றம் இல்லாமலே ரிலீஸ் போனது. கருட சேவை அன்று தெரு முழுக்கக் கூட்டம். பெருமாள் எங்கள் வீட்டருகே வரும் நேரத்தில் போன் அடித்தது.

"கஸ்டமர் இடத்துல பாதி மெஷின் படுத்துடுச்சு. கார்டு நம்பரை மாத்தின அந்த பேட்ச் இருக்கா?"

"அப்பவே அனுப்பிட்டேனே சார்."

"இன்னொரு தடவை அனுப்பும்மா."

கையில் இருந்த தேங்காய் பழத் தட்டை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அனுப்பிவிட்டு இறங்கும்போது பெருமாள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

"வேலை முடிஞ்சுதா?" என்றார் வீட்டுக்காரர்.

"முடிஞ்சுது."

"அப்புறம் ஏன்மா மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு இருக்கற?"

மறுநாள் எல்லா மெஷினும் ஓடின. அந்த பேட்சுக்கான ரிலீஸ் குறிப்பில், 'சிறு மேம்பாடுகள்' என்று போட்டிருந்தார்கள்.