படுக்கையில் பரிமாறிய பிரியாணி

கள்ளக்குறிச்சியில் அரிசி மண்டி வைத்திருந்த கலீலுக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. நுரையீரலில் தழும்பு விழுந்திருப்பதாக டாக்டர் சொன்னதும், எல்லாம் நெல் தூசியால்தான் என்று தானே முடிவுகட்டி, மண்டியை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தூக்குச்சட்டியில் வந்த பிரியாணியைக் கலீல் வயிறு முட்டச் சாப்பிட்டு, புளித்த ஏப்பம் விட்டு, அப்படியே சாய்வார். இருமல் கூடிக்கொண்டே போனது.

"நெஞ்செரிச்சல் உண்டா?" என்று அடுத்த முறை டாக்டர் கேட்டார்.

"அது யாருக்குத்தாங்க இல்ல?"

"படுத்தா வயித்து அமிலம் மேலேறி நுரையீரலுக்குள்ள போகலாம். தழும்புக்கு அதுவும் ஒரு காரணமோன்னு சந்தேகம் இருக்கு, உறுதியாகல. எதுக்கும் கம்மியா சாப்பிடுங்க. சாப்பிட்ட உடனே படுக்காதீங்க."

"தூசிக்குப் பயந்து கடைய வுட்டேன். இப்ப கட்டிலையும் வுடணுமா?"

மனைவி ஷம்ஷாத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கலீல் கஞ்சி குடித்துவிட்டு, இழுக்கும் மூச்சோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்த ஷம்ஷாத்தின் அண்ணன் மஜீத் வாசலிலேயே பூரித்துப்போனார்.

"உக்காந்துகினு இருக்கீங்களே மச்சான், நல்லாயிட்டீங்க. ஷம்ஷாத், தட்டு எடுத்தாம்மா. பிரியாணி ஜாஸ்தியாவே கொண்டாந்திருக்கேன்."

ஷம்ஷாத் அசையவில்லை.

"வந்தவரு மனசு நோவக்கூடாது, போய் எடுத்தா" என்றார் கலீல். "நான்தான் படுக்கப் போறதில்லயே."