துரை கொடுத்த ஸ்லைடுப் பெட்டி

டில்லிபாபு திருவொற்றியூரில் ஒரு வார்ப்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் ஒரே ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான். 1972இல் புது உலையை மூட்டிய அன்று, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த சூல்சு துரை தன் கையைப் பிடித்துக் குலுக்கிய நிமிஷம்.

அன்றைக்குத் துரை நாற்பது பேருக்குக் கை கொடுத்தார். டில்லிபாபுவும் அதில் ஒருவர் என்பது உண்மை. ஆனால் மற்ற முப்பத்தொன்பது பேரிடம் அதற்கு அத்தாட்சி கிடையாது. டில்லிபாபுவிடம் இருந்தது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் முப்பத்தாறு ஸ்லைடுகள். ஊருக்குக் கிளம்பும்போது துரையே ஞாபகார்த்தமாகக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில், துரையின் வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கொடுக்கப் போன நாலு பேரில் அவர் ஒருவர். சரியாக விழாத படங்கள் என்று துரை கழித்துப் போட்ட பெட்டி குப்பைக்கூடையில் கிடந்தது. டில்லிபாபு எடுத்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வருஷம் இது அவருக்கு ஞாபகம் இருந்தது. பிறகு இல்லை.

எர்ணாவூரில் அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் பரண்மேலிருந்து பெட்டி இறங்கும். ஒரு ஸ்லைடை எடுத்து, ஓரத்தைப் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டுவார். தபால்தலை அளவுப் படம். வெள்ளையாக ஒரு ஆள், கறுப்பாக ஒரு ஆள், நடுவில் இரண்டு கைகள்.

"தொப்பி போட்டுகினு கீறேன் பாரு, அத்தான் நானு. பின்னால போர்டு தெர்தா? அது ஜெர்மன் எழுத்து."

பார்த்தவர்கள் கண்ணைச் சுருக்கித் தலையாட்டுவார்கள். அவ்வளவு சின்னப் படத்தில் அது டில்லிபாபு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? மற்ற முப்பத்தைந்து ஸ்லைடுகளை அவர் காட்டுவதில்லை. உப்பங்கழிப் பறவை, துரையின் நாய், ஆலை வாசலில் யாரோ சோறு விற்கிற பொம்பளை என்று அவருக்குச் சம்பந்தமில்லாத சமாசாரங்கள். மனைவி சொக்கம்மாளை மட்டும் பெட்டியைத் தொட விட்டதேயில்லை. "கையில மீன் கவுச்சியோட தொட்டுடாத. பிலிம் பூடும்" என்பார். அவளும் தொடவில்லை.

ஆலை மூடி ஐந்து வருஷம் கழித்து, 2004இல், பழைய தொழிலாளர்கள் சங்கம் ஒன்று வைத்தார்கள். துரையிடம் கை குலுக்கிய ஆள் என்பதற்காகவே டில்லிபாபுவைத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். தலைவர் லோகநாதன். அச்சுப் பிரிவில் டில்லிபாபுவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். அந்தக் கை குலுக்கல் படத்தினால் வயிறு எரிந்து ஒரு காலத்தில் இரண்டு வருஷம் டில்லிபாபுவிடம் பேசாமல் இருந்தவர். மே மாதம் ஆண்டுக் கூட்டத்தில் அந்தப் படங்களைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

மகள் மதி ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் கணினியில் வேலை செய்பவள். "கல்மண்டபத்துல ஒரு கடை கீது நைனா. ஸ்லைடு, நெகட்டிவ் எல்லாத்தையும் கிளீன் பண்ணி ஸ்கேன் பண்ணி சி.டி.யில போட்டுக் குடுப்பாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கடைக்காரர் பெனிட்டோ, தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தார். டில்லிபாபுவுக்கு அதுவே பெருமையாக இருந்தது. நாலு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது இரண்டு பேரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"நல்லாப் பூஞ்சை பிடிச்சிருந்தது அண்ணாச்சி. முடிஞ்ச மட்டும் எடுத்திருக்கேன். கொஞ்சம் புள்ளி இருக்கத்தான் செய்யும். முதல்ல உங்க படத்தைப் பாப்போம்."

படம் திரை முழுக்க விரிந்தது. துரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குப்பைக்குப் போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பின்னாலிருந்த போர்டு அச்சடித்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. "இங்கே எச்சில் துப்பாதீர்."

"ஜெர்மன் எழுத்துன்னியே நைனா" என்றாள் மதி.

"ஸ்லைடுல மினுக்கமான பக்கம் நம்மளப் பாத்து இருக்கணும். அண்ணாச்சி இத்தனை வருசமா திருப்பிப் பிடிச்சுப் பாத்திருக்கீங்க. எழுத்து இடம் வலமா மாறித் தெரிஞ்சிருக்கும்" என்றார் பெனிட்டோ, வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்ற குரலில்.

டில்லிபாபு அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தொப்பிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடுங்கிய கன்னம், தூக்கின பல், இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. இரும்புப் பொறி தெறித்து அந்தத் தழும்பு விழுந்த அன்று, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் டில்லிபாபுவும் உண்டு. அது லோகநாதன்.

மற்ற படங்கள் ஓடின. பறவை, நாய், மறுபடியும் பறவை. பிறகு ஆலை வாசல், சோற்றுக் கூடை, கூடைக்காரி, பக்கத்தில் தாவணி போட்ட ஒரு பெண். அந்தப் பெண்ணையே துரை பதினோரு தடவை எடுத்திருந்தார். பெனிட்டோ திரையைப் பார்த்தார், மதியைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது உங்களுக்குச் சொந்தமா? உங்க மூஞ்சி அப்படியே இருக்கே."

மதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நைனா, இது அம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெனிட்டோ போட்டுக் கொடுத்திருந்த சின்னப் பிரதிகளை மதி அம்மாவிடம் நீட்டினாள். சொக்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஆமா, நானுதான். இது எங்க பெரியம்மா. ஒடம்பு சரியில்லாம இருந்துச்சினு நாலு மாசம் கூட ஒத்தாசைக்குப் போனேன். இந்தத் தொர தெனம் வருவான். வறுத்த கெழங்கா மீனு வாங்கித் துன்னுட்டு, காரம் தாங்காம கண்ணுல தண்ணி வுட்டுகினே போட்டோ புடிப்பான்."

டில்லிபாபு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கூடைக்கு நானும் வந்துகீறேனே."

"வந்துகீற. பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும், ரெட்டச் சுழி கெழங்கா மீனுக்காரருன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்போ என்ன பேச வுட்ட? பொட்டிய எடுத்தா தொர, கையி, போர்டு. ஒரு மணி நேரம் ஓடும். நான் சோறு வடிக்கப் பூடுவேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அந்த வாரம் முழுக்க டில்லிபாபு சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டத்துக்குப் போகாமல் படுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். அழைப்பிதழில் பெயர் அடித்துவிட்டார்கள். சி.டி. தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று பார்த்தார். மதி இன்னொன்று போட்டு வைத்திருந்தாள். கடைசியில், உள்ளதைச் சொல்லிவிடுவது என்ற முடிவுக்கு வந்தார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு முடிவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

கல்யாண மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மதியைத் தவிர எல்லாம் ஆண்கள். டில்லிபாபு ஒலிபெருக்கியைப் பிடித்து, படங்கள் பழசு, பூஞ்சை பிடித்தவை, அங்கங்கே புள்ளியும் கோடும் இருக்கும் என்று முதலில் விளக்கினார். மதி பொத்தானை அழுத்தினாள். கை குலுக்கல் திரையில் வந்ததும் மண்டபம் கைதட்டியது.

"ஒரு நிமிஷம்" என்றார் டில்லிபாபு. "ஒரு விஷயம் சொல்லணும். இதுல கீறது நான் இல்ல. இத்தினி நாளா தப்பா சொல்லிகினு இருந்துட்டேன். இது நம்ம தலைவரு. லோகநாதன்."

முதல் வரிசையில் லோகநாதன் எழுந்தார். கண்புரை அறுவை முடிந்து பச்சைக் கண்ணாடி போட்டிருந்தார். திரைக்குப் பக்கத்தில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இது நானா? இன்னாபா சொல்ற? இது நீதான். முப்பது வருஷமா நாங்க பாத்துகினு கீறோம்."

"பல்லப் பாருபா. உன் பல்லு."

"அந்த வயசுல எல்லார் பல்லும் அப்பிடித்தான்."

"புருவத்துல தழும்பு கீதே."

"அது பூஞ்சபா. நீதானே இப்போ சொன்ன, கோடு இருக்கும்னு." லோகநாதன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? இத்தினி வருஷம் கழிச்சி, நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு எனக்கு வுட்டுக்குடுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்? நான் ஒரு காலத்துல இவர்கூட பேசாம இருந்தேன். தப்பு என்னிதுதான்."

அவர் வந்து டில்லிபாபுவைக் கட்டிக்கொண்டார். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். டில்லிபாபு இன்னும் இரண்டு தடவை மறுத்தார். மறுக்க மறுக்க அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒருவர் எழுந்து, அடுத்த வருஷம் தலைவர் பதவிக்கு டில்லிபாபுவையே போட வேண்டும் என்றார். லோகநாதனே அதை ஆமோதித்தார்.

அதற்குப் பிறகு ஆலை வாசல் படங்கள் வந்தன. கூடைக்காரியைப் பார்த்ததும் மண்டபமே கலகலத்தது. அவள் மீன், அவள் குழம்பு, மழைநாளில் அவள் வராவிட்டால் மூன்றாவது ஷிப்டு எப்படி வாடிப்போகும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"பக்கத்துல நிக்கிற பொண்ணு யாருபா? இன்னா லட்சணமா கீது" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"என் சம்சாரம்" என்றார் டில்லிபாபு.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தலைவராகப் போறீங்க, இப்பிடி ரீல் வுடலாமா?" என்றார் லோகநாதன், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி. அது எங்கம்மாதான் என்று மதி சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். அப்பாவுக்கு ஏற்ற மகள் என்றார்கள்.

வீட்டில் சொக்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கூட்டத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று விசாரித்தாள். பிறகு, அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். செத்துப் பதினெட்டு வருஷமான பெரியம்மாவுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. ரேஷன் கார்டில் கட்டைவிரல் ரேகைதான் இருந்தது.

மறுநாள் அவளே கல்மண்டபத்துக்குக் கிளம்பினாள். டில்லிபாபு கூடப் போனார். கடையில் அவள் திரையின் மேல் விரலை வைத்துக் காட்டி, எது வேண்டும், எது வேண்டாம் என்று சொன்னாள். துரையின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்திருந்தது. அதை வெட்டச் சொன்னாள். பின்னால் போன சைக்கிள் வேண்டாம் என்றாள். பெனிட்டோ ஒவ்வொன்றாக எடுத்தார்.

"கீழ் ஓரத்துல ஒரு தலை மறைக்குது பாத்தீங்களாம்மா? யாரோ குனிஞ்சு சாப்பிடுதாரு. அதையும் எடுத்திரவா?"

சொக்கம்மாள் குனிந்து பார்த்தாள். எண்ணெய் வழிய வாரிய தலை. உச்சியில் இரண்டு சுழி. முகம் இலைக்குள் இருந்தது. அவள் திரும்பித் தன் புருஷனின் வழுக்கையை ஒரு தடவை பார்த்தாள். டில்லிபாபு எதையும் கவனிக்காமல், கடைக்கு வந்திருந்த வேறொருவரிடம், தான் தலைவராகப் போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது பாட்டுக்குத் துன்னட்டும், வுடுங்க" என்றாள் சொக்கம்மாள்.