தகரம் கட்டிய பாய்மரம்

எங்கள் ஊரில் பலரைப் போல நானும் ஒரு காலம் அக்கரைக்குக் கள்ளச் சாமான் ஏற்றினேன். கடற்படைப் படகுகளில் றேடார் பூட்டிய பிறகு, அது எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதே எங்கள் கவலை.

ஒரு கணக்கு வைத்திருந்தோம். பாய்மரத்தைச் சாய்த்துவிட்டு வள்ளத்தில் குந்தியிருந்து பார்ப்போம். கடற்படைப் படகின் கம்ப நுனி கடல் விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் நாங்களும் அதற்குத் தெரியமாட்டோம். அதை நம்பி ஒருநாள், நுனி மறைந்ததும் எஞ்சினை நிறுத்தி வெற்றிலை போட்டோம். நேரே வந்து பிடித்துச் சிறையில் போட்டார்கள். கண்ணுக்கு எட்டாத தூரமும் றேடாருக்குக் கொஞ்சம் எட்டும் என்று அன்று தெரிந்தது. மறியலால் வந்த பிறகு, நுனி மறைந்தாலும் ஒரு சுருட்டு எரிந்து முடியும் வரை எஞ்சினை நிறுத்துவதில்லை.

பின்னர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு மச்சானோடு மீனுக்குப் போனேன். மச்சான், மனைவியின் தம்பி. ஒரு சோழகக் காற்றில் எஞ்சின் பழுதாகிப் பாயும் கிழிந்தது. காற்று எங்களை வெளிக்கடலுக்குத் தள்ளியது. மூன்றாம் நாள் தண்ணீர் முடிந்தது. மச்சான் எழும்பச் சீவனில்லாமல் படுத்துக் கிடந்தான்.

நாலாம் நாள் காலை தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல். சட்டையை வீசினேன். அது தன்பாட்டில் போனது. குந்திப் பார்த்தேன். கம்ப நுனியும் மறைந்தது.

"கப்பல் போயிட்டுது, அத்தான்," என்றான் மச்சான்.

"இல்லை. உதின்ரை றேடாருக்கு இன்னும் ஒரு சுருட்டு நேரம் இருக்கு."

"உந்தக் கணக்காலைதானே மறியலுக்குப் போனனீங்கள்?"

"அதாலைதான் சொல்லுறன். எழும்பிக் கயிற்றைப் பிடி."

மரத்தை றேடார் அவ்வளவாகக் காணாது, தகரத்தைக் காணும். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மடித்துத் துடுப்பில் கட்டினேன். பாய்மரத்தைச் சாய்த்து, அதன் நுனிக்கு மேலே துடுப்பை நீட்டிக் கட்டினேன். மச்சான் தவழ்ந்து வந்து கயிற்றை இழுத்தான். இத்தனை வருடமும் சாய்த்த மரத்தை அன்று உயர்த்தி நிறுத்தினோம்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்ப நுனி திரும்பத் தெரிந்தது. அதன் கீழே புகைபோக்கி.

எங்களை ஏற்றிய கப்பலில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் தண்ணீர் தந்தார். "தகரம் கட்டலேன்னா தெரிஞ்சே இருக்க மாட்டீங்க. யாருண்ணே சொல்லிக் கொடுத்தது?"

மச்சான் குவளையை வாயிலிருந்து எடுத்தான்.

"நேவிக்காரர்," என்றான். "அத்தானுக்கு அவையளைக் கன காலமாத் தெரியும்."

பிறகு இன்னொரு குவளை கேட்டான்.